மாவளியும் ஒடியோலையும்

கார்த்திகை தீபத்தன்று பொழுது சாய்ந்ததும், அகல் விளக்குகளின் எண்ணெய் மணத்தைத் தாண்டி இன்னொரு மணம் தெருவுக்கு வரும். பனம்பூக் கரி எரிகிற மணம். கடலூர், சிதம்பரம் பக்கத்துக் கிராமங்களில் வளர்ந்தவர்களுக்கு அதை விளக்க வேண்டியதில்லை, அது மாவளி. ஆண்பனையின் காய்ந்த பூங்கதிர்களைப் பொறுக்கி வந்து, குழியில் போட்டுக் கொளுத்தி, சாம்பலாவதற்குள் மூடி அணைத்துக் கரியாக்க வேண்டும். அந்தக் கரியை இடித்துத் தூளாக்கி, பழைய வேட்டித் துணியில் வைத்து இறுக்கிச் சுருட்டிக் கட்டி, பிளந்த பனை மட்டைகளுக்கு நடுவே பொருத்தி, நீளமாகக் கயிறு கட்டி, முனையில் கங்கு வைத்துச் சுழற்றினால் இருட்டில் பொறிகள் வட்ட வட்டமாகப் பறக்கும். சுற்றுவது கொஞ்ச நேரம்தான். செய்வதற்குத்தான் நாள் கணக்கு. கதிர் சரியாகக் காயவில்லையென்றால் புகைதான் வரும். மூடுவதற்குத் தாமதித்தால் கரி மிஞ்சாது. துணி தளர்ந்தால் நெருப்பு மொத்தமாகக் காலடியில் கொட்டிவிடும். இத்தனையும் தெரிந்த ஒருவர் வீட்டுக்கு வீடு இருந்தார். பெரும்பாலும் அவர் அப்பா. இல்லாவிட்டால் தாத்தாவோ மாமாவோ.

அந்த அப்பாக்களில் பலர் கைவினைஞர்கள் அல்லர் என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது. வயல் வேலைக்குப் போனவர்கள், மளிகைக் கடை வைத்திருந்தவர்கள், தாலுக்கா அலுவலகத்தில் எழுத்தர்களாக இருந்தவர்கள், நெய்வேலிச் சுரங்கத்துக்கு ஷிப்ட் மாறி மாறிப் போனவர்கள் எல்லாரும் அந்த வரிசையில் உண்டு. மாவளி வருடத்துக்கு ஒரு முறை. மற்ற நாட்களுக்கு வேறு வேறு. கோடையில் நுங்கு தின்று முடிந்ததும் கோந்தை இரண்டையும் குச்சியில் கோத்து வண்டி. தென்னங்கீற்றைக் கிழித்துப் பின்னினால் பாம்பு, கிளி, கைக்கடிகாரம், சுருட்டினால் பீப்பி. ஐப்பசி மழைக்குக் காகிதக் கப்பல், அதிலும் கத்திக் கப்பல் என்று தனி வகை. தை மாதம் ஐந்தாம் நாள் தென்பெண்ணைக் கரையில் நடக்கும் ஆற்றுத் திருவிழாவில் சுருளிக் கிழங்கோடு சேர்த்து மண் பொம்மையும் மர வண்டியும் வாங்கித் தருவார்கள். அந்த வண்டியின் சக்கரம் மறுவாரமே கழன்றுபோகும். அப்போது அது குப்பைக்குப் போகாது. அப்பா ஒரு ஆணியும் ரப்பர் செருப்பில் வட்டமாக அறுத்த துண்டும் எடுத்து உட்காருவார். பிள்ளை பக்கத்தில் உட்காரும்.

அப்படிப் பக்கத்தில் உட்கார்ந்த நேரத்தில்தான் ஒரு கல்வி நடந்தது என்பது என் வாதம். உலகத்துப் பொருள்கள் எல்லாம் யாரோ ஒருவர் கையால் ஆனவை, ஆகவே பிரித்துப் பார்க்கவும் மாற்றவும் சரிசெய்யவும் கூடியவை என்ற நம்பிக்கை ஒரு குழந்தைக்கு அங்கேதான் கிடைத்தது. கடையில் வாங்கிக் கொடுக்கும் பொம்மை, முடிந்துபோன பொருளாகக் கைக்கு வருகிறது. அப்பா செய்யும் பொம்மையைக் குழந்தை அது பொம்மையாவதற்கு முன்பே பார்த்துவிடுகிறது. வெறும் ஓலையாக இருந்ததையும், இரண்டு தடவை தப்பாகப் பின்னி அவிழ்த்ததையும் பார்த்துவிடுகிறது. பெரியவர் ஒருவர் தோற்று, கோபப்படாமல் மறுபடி தொடங்குவதைக் குழந்தை காணும் இடங்கள் மிகக் குறைவு. பள்ளிக்கூடத்தில் ஆசிரியர் எப்போதும் விடை தெரிந்தவராகவே நிற்கிறார். திண்ணையில் ஓலையோடு உட்கார்ந்திருக்கும் அப்பாவுக்கு விடை இன்னும் கிடைத்திருக்காது.

கைவேலையே பிழைப்பாக இருக்கும் வீடுகளில் இந்தக் கல்வி இன்னும் தெளிவாகத் தெரியும். கடலூர் வண்டிப்பாளையத்திலும் பண்ருட்டியிலும் கொலு பொம்மை செய்யும் குடும்பங்கள் இருக்கின்றன. நவராத்திரி வருவதற்குப் பல மாதம் முன்பே அங்கே வேலை தொடங்கிவிடும். களிமண்ணைக் கல் நீக்கிக் குழைப்பது, அச்சின் இரு பாதியிலும் அழுத்தி எடுத்துச் சேர்ப்பது, நிழலில் உலர்த்துவது, சூளையில் சுடுவது, வெள்ளை பூசுவது, வண்ணம் தீட்டுவது என்று வேலை ஒரு வரிசையில் போகும். காகிதக் கூழும் மரவள்ளிக் கிழங்கு மாவும் கலந்து செய்யும் பொம்மைகளுக்குச் சூளை கிடையாது, வெயில்தான் எல்லாம். வீட்டுப் பிள்ளையின் கல்வியும் இந்த வரிசையில்தான் நடக்கும். முதலில் மண் மிதிப்பது, பிறகு பிசிறு சீவுவது, பிறகு பெரிய பரப்புக்கு வண்ணம். முகத்துக்குக் கண் எழுதுவது கடைசி. அதற்குப் பல வருடம் ஆகும். யாரும் இதைப் பாடத்திட்டமாக எழுதி வைக்கவில்லை. ஆனால் எளியதிலிருந்து அரியதுக்கு, தவறினால் நஷ்டம் குறைந்த வேலையிலிருந்து தவறவே கூடாத வேலைக்கு என்று அது எவ்வளவு சரியாக அடுக்கப்பட்டிருக்கிறது! தமிழ்நாட்டின் எந்த ஊர்க் கடைத்தெருவிலும் பெயர்ப்பலகையில் பார்க்கக்கூடிய ‘சிதம்பரம் கவரிங்’ நகைக்குப் பின்னாலும் இப்படிப்பட்ட வீடுகள்தான் இருந்தன. செம்பிலும் பித்தளையிலும் கம்பி இழுத்து, வளையம் வளைத்து, பற்றவைத்து, தங்கமுலாம் பூசுகிற வேலையில் ஒவ்வொரு படியும் வீட்டிலேயே ஒருவரிடமிருந்து ஒருவருக்குப் போனது.

சிதம்பரத்தை வைத்தே இன்னும் பெரிய சான்று ஒன்று சொல்லலாம். 2023 செப்டம்பரில் ஜி-20 மாநாடு நடந்த புதுதில்லி பாரத் மண்டபத்தின் முன்னால் 27 அடி உயரம், 18 டன் எடை கொண்ட நடராசர் திருவுருவம் நிறுவப்பட்டது. தில்லைக் கூத்தனையும் கோனேரிராசபுரம், தஞ்சைப் பெரிய கோயில் நடராசர்களையும் மாதிரியாகக் கொண்டு அதை வார்த்தவர்கள் சுவாமிமலையைச் சேர்ந்த தேவசேனாபதி ஸ்தபதியின் மக்கள். ராதாகிருஷ்ணன் ஸ்தபதியும் அவருடைய சகோதரர்களும். சோழர் காலம் தொட்டு 34 தலைமுறை என்று அந்தக் குடும்பம் கணக்குச் சொல்கிறது. மெழுகில் உருவம் பிடித்து, காவிரி வண்டல் மண்ணைப் பூசி, சூடாக்கி மெழுகை உருக்கி வெளியேற்றி, அந்த வெற்றிடத்தில் உலோகம் ஊற்றும் முறை பலருக்கும் தெரிந்ததுதான். எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது ஒடியோலை. செய்யப்போகும் படிமத்தின் உயரத்துக்கு ஒரு தென்னங்கீற்றை நறுக்கி, தாலக் கணக்குப்படி மடித்துக்கொள்வார்கள். முகம் இவ்வளவு, மார்பு இவ்வளவு, முழங்கால் இவ்வளவு என்று அந்த மடிப்புகளே அளவுகோல். சென்டிமீட்டரும் அங்குலமும் தேவைப்படாது. ஒவ்வொரு படிமத்துக்கும் அதன் உயரத்திலிருந்தே அதன் அளவு பிறக்கிறது. கிராமத்து அப்பா கைக்கடிகாரம் பின்னிக் கொடுக்கிற அதே கீற்றுதான் இது. திண்ணையிலும் சிற்பக்கூடத்திலும் கற்றுக்கொடுக்கும் முறை ஒன்றே: பெரியவர் கை மடிப்பதைச் சின்னவர் கண் பார்க்கிறது, பிறகு சின்னவர் கை மடிக்கிறது.

இந்த இடத்தில் நியாயமான ஒரு கோபம் எழும். அதற்குப் பதில் சொல்லாமல் மேலே போகக் கூடாது. அப்பாவிடமிருந்து பிள்ளைக்குக் கைத்தொழில் போவதைப் புகழ்வது சாதியைப் புகழ்வது ஆகாதா? குயவர் மகன் குயவர், தச்சர் மகன் தச்சர் என்று பூட்டிவைத்த ஏற்பாட்டைத்தானே இந்த மண் நூற்றாண்டுக் கணக்கில் பார்த்தது? தமிழ்நாடு இந்தக் கேள்வியை வெறும் வாதமாக அல்ல, அரசியலாகவே எதிர்கொண்டது. 1953-இல் ராஜாஜி அரசு கொண்டுவந்த புதிய தொடக்கக் கல்வித் திட்டம், பள்ளி நேரத்தை மூன்று மணி நேரமாகச் சுருக்கி, மீதி நேரத்தில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைப் பழகட்டும் என்றது. குலக்கல்வித் திட்டம் என்ற பெயரிலேயே அது வரலாற்றில் நின்றுவிட்டது. பெரியார் அதை எதிர்த்துப் போராடினார். திராவிட முன்னேற்றக் கழகமும் போராடியது. காங்கிரசுக்குள்ளேயே எதிர்ப்பு வந்தது. 1954-இல் ராஜாஜி பதவி விலகினார், காமராசர் முதல்வரானார், திட்டம் கைவிடப்பட்டது. அந்த எதிர்ப்பு முழுக்கச் சரியானது. பாதி நாள் பள்ளியை இழக்கப்போவது யாருடைய பிள்ளை என்பது எல்லாருக்கும் தெரிந்திருந்தது. வக்கீல் வீட்டுப் பிள்ளை மாலையில் அப்பாவின் சட்டப் புத்தக அலமாரிக்குப் பக்கத்தில் உட்காரும். சலவைத் தொழிலாளி வீட்டுப் பிள்ளை துறைக்குப் போகும். அதைக் கல்வி என்று சொன்னது அநீதி.

ஆனால் குலக்கல்வியை எதிர்த்தவர்கள் எதிர்த்தது கைவேலையை அல்ல. யார் எந்தக் கைவேலையைச் செய்ய வேண்டும் என்று பிறப்பு முடிவுசெய்வதை. இந்த வேறுபாட்டைப் பிறகு நாம் நழுவவிட்டோம். பள்ளி எல்லாருக்கும் திறந்தது. அது இந்த மாநிலத்தின் மாபெரும் வெற்றி. அதோடு சேர்ந்து, படித்த கை அழுக்காகக் கூடாது என்ற பழைய மேட்டிமையும் எல்லாருக்கும் பரவியது. கைவினைஞர் வீட்டில் ‘நீயாவது இந்த மண்ணில் கை வைக்காதே’ என்றார்கள். பட்ட அவமானத்தை நினைத்தால் அந்தச் சொல்லைக் குறை சொல்ல முடியாது. மற்றவர்கள் வீட்டில் ‘படிக்கிற நேரத்தில் இது எதற்கு’ என்றார்கள். இரண்டு வீட்டிலும் பிள்ளைக்குக் கைவேலை கிடைக்காமல் போனது. பிறப்பையும் தொழிலையும் பிரித்துவிட்டுக் கைவேலையை எல்லாருக்கும் பொதுவாக்கிய நாடுகளும் உண்டு. பின்லாந்தில் ஊனோ சிக்னேயஸ் என்ற கல்வியாளரின் முயற்சியால் 1866 முதல் பொதுப்பள்ளிகளில் கைவேலை ஒரு பாடமாக வந்தது. தச்சனாக்குவதற்காக அல்ல, கண்ணும் கையும் மனமும் சேர்ந்து இயங்கப் பழகுவதற்காகவே அதைக் கொண்டுவந்தார்கள். இன்றும் அங்கே மரவேலையும் தையலும் ஆணுக்கும் பெண்ணுக்கும் பொதுப் பாடம். 1937-இல் வார்தாவில் காந்தி முன்வைத்த ஆதாரக் கல்வியும் கைத்தொழிலை நடுவில் வைத்தது. அதிலே எந்தப் பிள்ளைக்கும் எந்தத் தொழிலும் ஆகலாம். அண்மையில் நம் மாநிலமே இதே வேறுபாட்டைச் சட்டென்று பிடித்துக்கொண்டது. 2023-இல் ஒன்றிய அரசு 18 தொழில்களுக்கு அறிவித்த விசுவகர்மா திட்டத்தை, குடும்பத் தொழில் என்ற நிபந்தனையை நீக்கக் கோரித் தமிழ்நாடு ஏற்க மறுத்தது. பிறகு 25 தொழில்களுக்கு, குடும்பப் பின்னணி கேட்காமல், கலைஞர் கைவினைத் திட்டத்தைக் கொண்டுவந்தது. 35 வயது நிரம்பியவர்களுக்கானது அது. ஐந்து வயதுக்காரர்களுக்கான பதில் இன்னும் யாரிடமும் இல்லை. அந்த வயதுக்கு அரசுத் திட்டம் உதவாது. பக்கத்தில் உட்கார ஒரு பெரியவர் வேண்டும்.

அந்தப் பெரியவர் ஏன் அப்பாவாக இருக்க வேண்டும், அம்மாக்கள் கையில்தானே வீட்டுக் கலைகள் இருந்தன என்று கேட்டால், உண்மைதான். விடியற்காலைக் கோலமும் வயர் கூடையும் ஊசி நூலும் அவர்களுடையவை. அவர்களுடைய கைவேலை அன்றாடக் கடமையாக இருந்ததால் யாரும் அதைப் படைப்பு என்று போற்றவில்லை. அப்பா எப்போதாவது செய்ததால் அது திருவிழாவானது. இந்த அநியாயத்தை ஒப்புக்கொண்டுதான் பேச வேண்டும். இருந்தும் அப்பாவைப் பற்றித் தனியே பேசக் காரணம் இருக்கிறது. நம் குடும்பங்களில் அப்பா என்பவர் அதட்டுகிறவர், மதிப்பெண் கேட்கிறவர், தூரத்தில் இருப்பவர். அவர் தரையில் சம்மணம் போட்டு, பிள்ளையின் உயரத்துக்கு இறங்கி உட்கார்ந்த சில நேரங்களில் ஓலையும் பிசினும் இருந்தன. அப்பாவுக்கும் மகளுக்கும் பேசிக்கொள்ள வேறு விஷயமே இல்லாத வீடுகளிலும், ‘இந்த முனையைப் பிடிம்மா’ என்ற ஒரு பேச்சு இருந்தது. பிற்காலத்தில் தாளிலும் துணியிலும் மண்ணிலும் நகை செய்து, பொம்மை செய்து, தன் கையில் ஒரு கலை இருக்கிறது என்று கண்டுகொள்ளும் பெண்கள் பலர், யாரிடம் கற்றீர்கள் என்று கேட்டால் அப்பா என்கிறார்கள். அப்பா அவர்களுக்கு அந்தக் கலையையே சொல்லித் தந்திருக்க வேண்டும் என்பதில்லை. முனையைப் பிடிக்கச் சொன்னதே போதுமானதாக இருந்திருக்கிறது.

இதெல்லாம் பழையதை நினைத்து ஏங்குவது, வாங்க முடியாத காலத்தில் செய்தார்கள், வாங்க முடிகிற காலத்தில் வாங்குகிறார்கள் என்பது அடுத்த மறுப்பு. இதில் பாதி உண்மை உண்டு. வறுமை பல பொம்மைகளைச் செய்யவைத்தது. அந்த வறுமை திரும்பி வரக் கூடாது. ஆனால் விலை மட்டுமே காரணம் என்றால், பணம் இருந்த வீடுகளிலும் மாவளி ஏன் செய்தார்கள்? கைக்குப் பொருள் எட்டும் தூரத்தில் இருந்தது என்பதுதான் பெரிய காரணம். ஏரிக்கரையில் பனை நின்றது, கொல்லையில் தென்னை நின்றது, குளத்தில் களிமண் கிடைத்தது. இன்று பனை மாநில மரம். ஆனால் செங்கல் சூளைக்கு வெட்டப்பட்டுப் போனவை போக மிஞ்சியதைக் காக்க, வெட்டுவதென்றால் ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று 2021-இல் அறிவிக்க வேண்டியதாயிற்று. ஏரி மண் எடுக்க அனுமதிக்கு அலைந்து சலித்த குயவர்களுக்குத் தாசில்தாரிடமே அனுமதி பெறலாம் என்று வழி திறந்தது 2024-இல்தான். பண்ருட்டிப் பலாமரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மிருதங்கத்துக்கும் வீணைக்கும் அதைத் தேடி வருவார்கள். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையேறியபோது, தலைமுறை கண்ட பலா மரங்களும் முந்திரித் தோப்புகளும் ஒரே காலையில் வேரோடு சாய்ந்தன. மரம் போனால், அந்த மரத்தை நம்பியிருக்கும் பட்டறையும் அதைச் செதுக்கத் தெரிந்த கையும் அடுத்தடுத்துப் போகும். அந்தக் கையைப் பார்த்து வளர வேண்டிய குழந்தையை இந்தக் கணக்கில் யாரும் சேர்ப்பதில்லை.

ஓலை இல்லாவிட்டால் கைவேலையே இல்லை என்று இதற்குப் பொருள் கொள்ளவும் வேண்டாம். கான்பூர் ஐஐடியில் படித்த பொறியாளர் அரவிந்த் குப்தா, தீக்குச்சியும் சைக்கிள் வால்வு ட்யூபும் பழைய செய்தித்தாளும் காலி பாட்டிலும் கொண்டு அறிவியல் பொம்மைகள் செய்துகாட்டியே வாழ்நாளைச் செலவிட்டார்; 2018-இல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. குப்பையில் கிடக்கும் பொருளே போதும் என்று அவர் நிரூபித்துவிட்டார். ஆகவே இன்றைய அடுக்குமாடி வீட்டு அப்பாவுக்கும் பொருள் பஞ்சம் இல்லை. அவருக்கு இல்லாதது நேரம். நெய்வேலியிலும் சிப்காட்டிலும் ஷிப்ட் முடித்து வருபவருக்கும், பரங்கிப்பேட்டையிலிருந்து வளைகுடாவுக்கோ சிங்கப்பூருக்கோ போய் வருடத்துக்கு ஒரு முறை வீடு பார்ப்பவருக்கும் ‘பிள்ளையோடு உட்கார்ந்து பட்டம் ஒட்டுங்கள்’ என்று அறிவுரை சொல்வது எளிது. அவர்கள் அன்பில் குறைந்தவர்கள் அல்லர். அவர்களுடைய மாலைகளை வேறு யாரோ வாங்கிவிட்டார்கள்.

அப்பாவால் முடியாததைச் செய்யத்தான் பள்ளிக்கூடம் இருக்கிறது. பழைய பள்ளிகளில் நெசவு ஆசிரியர், தச்சு ஆசிரியர் என்று தனிப் பணியிடங்கள் இருந்தன. கைத்தொழில் வகுப்புக்கு மணி அடித்தது. 2012-இல் தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் ஓவியம், உடற்கல்வி, தையல் போன்றவற்றுக்கு 16,549 பகுதிநேர ஆசிரியர்கள் அமர்த்தப்பட்டார்கள். வாரத்துக்கு மூன்று அரை நாள் வேலை. நிரந்தரம் கேட்டு அவர்கள் போராடிக்கொண்டே இருக்கிறார்கள். பாடத்தையே பகுதிநேரமாக மதிக்கிற அமைப்பில் ஆசிரியர் மட்டும் எப்படி முழுநேரம் ஆவார்? அவர்களை நிரந்தரமாக்கி, அந்த வகுப்புக்கு வாரத்தில் ஒரு முழு மதியத்தை ஒதுக்கி, தேர்வுக்கு முந்தைய மாதத்தில் அதைக் கணக்குக்கும் அறிவியலுக்கும் தாரைவார்க்காமல் காப்பாற்றினால் பாதி வேலை முடிந்தது. மீதிப் பாதிக்குக் கடலூர் மாவட்டத்தைப்போல் வாய்ப்பான இடம் அரிது. விருத்தாசலத்தில் அரசின் பீங்கான் தொழில்நுட்பக் கல்லூரியே இருக்கிறது. வண்டிப்பாளையத்து பொம்மைக்காரரும் சிதம்பரத்துப் பத்தரும் பனை ஏறத் தெரிந்தவரும் தம் சாதிப் பிள்ளைக்கு மட்டுமின்றி, வகுப்பில் உட்கார்ந்திருக்கும் அத்தனை பிள்ளைகளுக்கும் ஆசிரியராக வரட்டும்; அரசு அவர்களுக்கு ஆசிரியருக்குரிய சம்பளம் தரட்டும். அந்த மதியங்களில் மாதத்துக்கு ஒன்றையாவது விடுமுறை நாளுக்கு மாற்றி, ஷிப்ட் இல்லாத அப்பாக்களையும் அழைத்து, பிள்ளைகளுக்குப் பக்கத்திலேயே பாய் போட்டு உட்காரவைக்கலாம். மாவட்டக் கல்வி அலுவலகம் இதற்காகப் புதிதாக எதையும் கட்ட வேண்டியதில்லை. ஒரு சுற்றறிக்கை போதும்.